பழி தீர்த்தால் மனசு ஆறுமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்தில் பிறந்து, அதே வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டபோது யோசிக்காமல் சொன்னது இதைத்தான். நமக்குக் கெடுதல் செய்தவனுக்குத் திருப்பிக் கொடுத்தால் மனசு உண்மையிலேயே ஆறுமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால் முகம் பார்த்துப் பேசாத வீடு இரண்டாவது இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழி கீரைப் பாத்தியைக் கிளறியதில் தொடங்கியிருக்கும், கல்யாணப் பத்திரிகை வைக்காததில் வளர்ந்திருக்கும், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பதில் கைகலப்பாகி, கடைசியில் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்பார்கள். ஏன்டா என்று கேட்டால் இரண்டு பேருக்கும் காரணம் தெரியாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கோபம் உண்டு, ஏனென்றால் அடித்தவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்காதவர்கள்தான் அடிபட்டவனிடம் வந்து பெரிய மனசு பண்ணு என்பார்கள். பழி வாங்க வேண்டும் என்கிற எண்ணத்துக்குள்ளே நியாயம் கேட்கிற குரல் ஒன்று இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். பழி தீர்ப்பதில் சந்தோஷமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம், அதாவது தண்டித்தவர்க்கு ஒரு நாள் சந்தோஷம் என்று வள்ளுவரே ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தைப் படம் பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். 2004இல் சூரிக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பண விளையாட்டில் தன்னை ஏமாற்றியவனுக்கு அபராதம் போடலாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் நேரத்தில் அவருடைய மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஆசைப்பட்டது கிடைக்கப்போகிறது என்றால் எந்தப் பகுதி சுறுசுறுப்பாகுமோ அதே பகுதி சுறுசுறுப்பானது. கவனியுங்கள், முடிவெடுக்கும் நேரத்தில். தண்டிக்கப் போகிறேன் என்று நினைக்கும்போதே இனிக்கிறது. தண்டித்து முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் நம் கேள்வி.

இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்த ஒரு அண்ணன். விடியுமுன்னே பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், தன் மர வரிசையான நிரையைப் பிடித்து வெட்டி, பால் வடியும் கிண்ணமான மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியில் ஸ்டோருக்குத் தூக்கி வருவார். அவர் மனைவிக்குப் பக்கத்து நிரை. பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதித்துத்தான் ஸ்டோரில் கணக்கு எழுதுவார்கள், பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒருநாள் தோட்டத்துக் கணக்கரான கிராணி சோதித்துப் பார்த்துவிட்டு, தண்ணி கலந்திருக்கான் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு, அந்தப் பாலைக் கால்வாயில் ஊற்றச் சொல்லிவிட்டார். அண்ணன் கலக்கவில்லை. விடியற்காலையில் பெய்த தூறல் மங்கில் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் சம்பளம் போனது அவருக்குப் பெரிதில்லை. திருடன் என்று பெயராகிவிட்டதே, அதுதான்.

அப்புறம் அவர் தோட்டத்தை விட்டு வெளியேறி, லோரி ஓட்டி, கடன் வாங்கிச் சொந்தமாக லோரி எடுத்து, செம்பனைக் குலை ஏற்றி நல்லபடியாக வந்துவிட்டார். அத்தனை வருஷமும் அந்தக் கிராணி முகத்தில் சொல்ல ஒரு வாக்கியத்தை மனசில் தயார் செய்தபடியே இருந்தாராம். லோரி ஓட்டும்போது தனியாகச் சொல்லிப் பார்ப்பாராம்.

அந்த நாளும் வந்தது. கிராணிக்கு வயசாகி, தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்புக்குப் போக வேண்டும், சாமான் ஏற்ற வாடகைக்கு லோரி கேட்டு இவர் கொட்டகைக்கே வந்து நின்றார். இவர் நாற்காலி கூடப் போடாமல், வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, "தண்ணி கலந்தவன் லோரி உங்களுக்கு எதுக்குங்க ஐயா? வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார். கிராணி கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "எந்தத் தண்ணி? நீங்க யாரோட மகன்?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்ததாம், கள்ளுக்கடையில் நாலு பேருக்கு வாங்கியும் கொடுத்தார். ராத்திரி சோறு இறங்கவில்லை. அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், சந்தையில், கோயிலில், சாவு வீட்டில்கூட, "அவருக்கு ஞாபகமே இல்ல வாத்தியாரே" என்று அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்.

இது இவருக்கு மட்டும் நடந்ததில்லை. கெவின் கார்ல்ஸ்மித் என்கிற உளவியல் ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கிறது. கூட்டு, அதாவது சீட்டு, கட்டுகிற நேயர்களுக்குச் சட்டென்று புரியும். எல்லாரும் சேர்ந்து பணம் போடும் ஆட்டம், ஒரு ஆள் மட்டும் மற்றவர்களை உசுப்பிவிட்டு, தான் போடாமல் லாபத்தை வாங்கிக்கொள்வார். சிலருக்கு அந்த ஆளைத் தண்டிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனசு லேசாகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் தண்டித்தவர்கள்தான் பிறகு அதிகம் வாடியிருந்தார்கள், ஏமாற்றியவனையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். வாய்ப்பே கிடைக்காதவர்கள் அதை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுபடி சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைத் திறந்தவர்களுக்காக. நினைக்கும்போது இனிப்பு, செய்த பிறகு அதே ஆள் நம் தலைக்குள் குடியேறிவிடுகிறார்.

பழி தீர்த்துத் திருப்தி அடைந்தவர்களே கிடையாதா என்றால், உண்டு. ஜெர்மனியில் மாரியோ கோல்விட்சர் குழுவினர் 2011இல் காட்டியது அதைத்தான். தண்டனை வாங்கியவர் 'நான் செய்த காரியத்துக்குத்தான் இது' என்று புரிந்துகொண்டதாகச் சொல்லி அனுப்பினால், திருப்பிக் கொடுத்தவருக்கு மனசு நிறைகிறது. பதிலே வராவிட்டாலும், கோபமாக வந்தாலும் நிறைவதில்லை. நம் அண்ணனுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒரு பதில்தான். பாலை ஊற்றச் சொன்னவருக்கு அது ஆயிரம் காலைகளில் ஒரு காலை, மறந்துவிட்டார். ஊற்றக் கொடுத்தவருக்கு வாழ்க்கையே அதுதான்.

ஆனால் எனக்கு இந்த விஷயத்தைப் புரிய வைத்தவர் அவர் மனைவி. ஒருநாள் காப்பி கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னார்: "கிராணி பேசுனது கெடக்கட்டும் சார். அன்னிக்கு ஸ்டோர்ல அத்தன பேரு வரிசையா நின்னாங்க. எல்லாரு மங்குலயும் அதே மழைதான். ஒருத்தர்கூட வாயத் தொறக்கல."

அண்ணன் காலமெல்லாம் ஒரு ஆளைத் துரத்தினார். காயம் அந்த ஒரு ஆளால் மட்டும் வந்ததில்லை, வரிசையில் நின்ற எல்லாரும் சேர்ந்து கொடுத்தது. அதனால்தான் கிராணியை அவமானப்படுத்தியும் ஆறவில்லை என்று நான் நம்புகிறேன். அவர்களில் ஒருவராவது மறுநாள் லயத்துக்கு வந்து, நீ கலக்கவில்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த வாக்கியத்தை அவர் இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டார். பழி வாங்காதே என்று அடிபட்டவருக்குப் புத்தி சொல்கிற நேரத்தில், பார்த்துக்கொண்டிருந்த நாம் பேசியிருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டே நிமிடம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மானத்தை வாங்குவதைப் பற்றிப் பேச நினைத்தேன், நேரமில்லை. நீதிமன்றத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் இல்லை, கொடுப்பதா வேண்டாமா என்பது இப்போது நீதிபதி கையில். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இனி யார் பதில் சொல்வது என்று பலரும் என்னிடம் கேட்டார்கள், நியாயமான கேள்வி. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 183ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தண்டனை விதிக்கும் முன், பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ தங்களுக்கு நேர்ந்ததை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. யாருக்காவது அப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தால், தண்டனை நாளுக்கு முன்பே அரசு வழக்கறிஞரிடம் போய்க் கேளுங்கள். மலாய் சரியாக வராது என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், கூடவே துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.