நாலு மணிப் பசிக்கு என்னதான் சாப்பிடுவது?

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன், ஏனென்றால் இதையே வேறு வேறு மாதிரி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார், வயது 41. அவர் எழுதியதைப் படிக்கிறேன்: "அக்கா, எச்பிஏ1சி 6.0 வந்திருக்கிறது. நொறுக்குத்தீனியை அடியோடு விடச் சொல்லிவிட்டார்கள். காலையில் பசியாற ரொட்டி சானாய், பால் கலந்து ஆற்றிய தே தாரிக். மதியம் கேண்டீனில் சோறு. நாலு மணி ஆனால் பசி தாங்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல் வருகிறது. மசாலா வைத்துப் பொரித்த ரெண்டு கரிபாப்பும் ஒரு தேயும் உள்ளே போனால்தான் அடங்குகிறது. நான் என்னதான் சாப்பிடுவது?"

முதலில் அந்த 6.0. கடந்த ரெண்டு மூன்று மாதமாக உங்கள் ரத்தத்தில் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்று காட்டும் சோதனை இது. மலேசியாவில் 6.3ஓ அதற்கு மேலோ வந்தால் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று கணக்கு, 5.7லிருந்து 6.2 வரை அதற்கு முந்தைய நிலை. அதாவது நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள், இன்னும் உள்ளே போகவில்லை. இங்கிருந்து திரும்பி வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் இனிப்பு நீர்க்காரர், அதிலும் நம் இந்தியர்களிடம்தான் அதிகம், அதனால் இந்த எண்ணை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஆனால் நொறுக்குத்தீனியை அடியோடு விடு என்று சொல்வது இருக்கிறதே, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் அம்மாவுக்கு இனிப்பு நீர் வந்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். முறுக்கு டின், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வைத்தோம். ஒரு நாள் அவருடைய சேலை அடுக்கை எடுத்தபோது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பையில் முறுக்கு, பாதி தூளாகிப் போயிருந்தது. எல்லாரும் தூங்கிய பிறகு இருட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தேன், பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்ட வெட்கம். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. பசிக்கிறவரிடம் சாப்பிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, எதைச் சாப்பிடலாம் என்று சொல்லாமல் விட்டது எங்கள் தப்பு.

சரி, உங்கள் நாலு மணிப் பசிக்கு வருவோம். அந்தப் பசி நாலு மணிக்குப் பிறக்கவில்லை தங்கச்சி, காலையில் பசியாறும்போதே பிறந்துவிட்டது. ரொட்டி சானாய் என்பது மைதா மாவும் எண்ணெயும். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் பருப்பு எவ்வளவு, நாலு கரண்டி இருக்குமா? கூடவே சீனி போட்ட தே. இது சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சீனியை விறுவிறுவென்று ஏற்றும், உடம்பு இன்சுலினைச் சுரந்து அதை இறக்கும், இறங்கினதும் மறுபடி பசி. அந்தப் பசியில் மதியம் சோறு அதிகமாகவும் கறி காய் குறைவாகவும் போகும், நாலு மணிக்கு அதே கதை. புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து போனால் சாப்பாடு வயிற்றில் கொஞ்ச நேரம் தங்கும், சீனியும் மெதுவாக ஏறும். அதனால் முதலில் காலையை மாற்றுங்கள். ரெண்டு தோசை, சாம்பார் ஒரு கிண்ணம் நிறைய, ஒரு அவித்த முட்டை. மதியத் தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ. சுகாதார அமைச்சு மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ', அதாவது கால், கால், பாதி என்று சொல்வது இதைத்தான். இப்படி ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள், நாலு மணிக்குப் பசி வரும், ஆனால் ஆளை ஆட்டிவைக்கிற பசியாக வராது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. உங்கள் கேள்வியில் கரிபாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், பக்கத்தில் இருக்கும் தண்ணியை, அதாவது அந்தத் தேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் 'வா, தண்ணி குடிக்கப் போகலாம்' என்றால் பச்சைத் தண்ணியா குடிக்கிறோம்? வீட்டில் ஒரு நாள் தராசை வைத்து அளந்தேன். கண்ணாடிக் குவளையில் தேக்கு ஊற்றும் சுசு பெக்காட், அதாவது சீனி போட்ட கெட்டிப் பால், ரெண்டு பெரிய கரண்டி, கடையில் ஊற்றுகிற மாதிரி, கீழே வெள்ளையாகக் கெட்டியாக நின்றது. 40 கிராம். அந்தப் பாலில் பாதிக்குப் பக்கம் சீனிதான், ஆக 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. தனியாக ஐந்து கரண்டி சீனியை ஒரு தட்டில் கொட்டிப் பாருங்கள், அப்போதுதான் தெரியும். காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒன்று என்றால் 60 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, சேர்க்கிற சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள். புட்டியிலும் டின்னிலும் வரும் இனிப்புத் தண்ணிக்கு 2019 ஜூலையிலிருந்து அரசாங்கம் சீனி வரி போடுகிறது, லிட்டருக்கு 40 சென்னில் தொடங்கியது. கடையில் நம் கண்ணெதிரே கலக்கித் தரும் தேக்கு அந்த வரி கிடையாது, அங்கே நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். முதல் ரெண்டு வாரம் 'குராங் மானிஸ்', இனிப்புக் குறைவாக, என்று கேளுங்கள். அப்புறம் 'தே சி கொசோங்', அதில் பால் இருக்கும், சீனி இருக்காது. முதலில் நாக்கு ஒத்துக்கொள்ளாது, சில வாரத்தில் பழகிவிடும், அதற்குப் பிறகு பழைய தேயைக் குடித்தால் உங்களுக்கே திகட்டும்.

சாப்பிடும் பண்டம் என்றால் எனக்குச் சுண்டலை மிஞ்சி ஒன்றும் இல்லை. ராத்திரி கொண்டைக்கடலையை ஊறப் போட்டு, காலையில் உப்புப் போட்டு வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி எண்ணெய், இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்ப்பூ. அரைக் கப்பில் 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. சின்ன டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோகலாம், ஆறினாலும் நன்றாகவே இருக்கும். கோயிலில் கொடுத்தால் கை நீட்டி வாங்குகிறோம், வீட்டில் செய்ய மட்டும் நேரம் இல்லை என்கிறோம். ஊறவைக்க மறந்துவிட்டால் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அவித்த கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்குங்கள், தோலோடு இருப்பது. ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிடுவதால் கை தானாகவே மெதுவாகப் போகும். பொரித்து உப்புப் போட்ட கச்சான் வேண்டாம். பழம் என்றால் கொய்யா நல்லது, ஆனால் மேலே தூவும் ஆசாம் போய் என்கிற புளிப்புத் தூள் இல்லாமல், அதில் உப்பும் சீனியும் நிறைய.

கரிபாப், வடை எல்லாம் இனி ஜென்மத்துக்கும் கூடாது என்று சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாள், ஒன்று, உட்கார்ந்து நிதானமாக.

அந்த எரிச்சலைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குணம் இல்லை, அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். பசியும் தூக்கக் குறைவும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ராத்திரி ஷிப்ட்டும் பார்க்கிறீர்களா என்று எழுதவில்லை. பார்த்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் சுரப்பி கூடும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் சுரப்பி குறையும், வாய் இனிப்பைத்தான் தேடும். நடு ராத்திரியில் சாப்பிடும் சோற்றை உடம்பு பகலில் மாதிரி சமாளிக்காது, அதே சோற்றுக்குச் சீனி அதிகமாக ஏறும். அதனால் ஷிப்ட்டுக்குப் போகும் முன் வயிறார சாப்பிட்டுவிட்டு, உள்ளே இருக்கும்போது அந்தச் சுண்டல் டப்பாவோ ஒரு முட்டையோ போதும்.

இன்னொன்று, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு. ஏற்கனவே இன்சுலின் போடுகிறவர்கள், இனிப்பு நீர் மாத்திரை எடுக்கிறவர்கள், நான் சொன்னதைக் கேட்டு இடையில் சாப்பிடுவதைத் திடீரென்று நிறுத்தவோ சோற்றைப் பாதியாக்கவோ வேண்டாம், சில மருந்துகளுக்குச் சீனி ரொம்ப இறங்கிவிடும். கை நடுங்கி வியர்த்தால் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டரில் 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கலக்கிக் குடியுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அப்புறம் டாக்டரிடம் மருந்து அளவைப் பற்றிப் பேசுங்கள்.

தங்கச்சி, நீங்கள் இப்போது மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்றால் நாளைக் காலையிலேயே அந்தத் தேயிலிருந்து தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பார்கள் இல்லையா, அந்த எண் எவ்வளவு வந்தாலும், ஏறியிருந்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள்.