பில்டர் பூட்ட எவ்வளவு முடியும்?

நேயர்களுக்கு வணக்கம்.

"தண்ணி பில்டர் ஒண்டு பூட்ட எவ்வளவு முடியும், ரீச்சர்?" கோயில் வீதியில் கண்டாலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தாலும் கேட்கிறார்கள். இரசாயனம் படிப்பித்து இளைப்பாறிய ஆளுக்குக் கடை விலையெல்லாம் தெரியும் என்ற எண்ணம் போலும். நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "உங்கட கிணத்துத் தண்ணியில என்ன பிழை?" அநேகமானோரிடம் மறுமொழி இல்லை. "எல்லாரும் பூட்டினம், அதுதான் நாங்களும்..." என்று இழுப்பார்கள். தண்ணீரில் என்ன பிழை என்று தெரியாமல் விலை பேச முடியாது. இதை இன்றைக்கு இரண்டு மூன்று தரம் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரிக்குத்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். புத்தூர் நிலாவரைக் கேணி தெரியும்தானே? மேலே நல்ல தண்ணீர், ஆழம் போனால் உவர். எங்கள் வீட்டுக் கிணறுகளும் அதே சாதிதான்.

சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர் என்றபடியால் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். அதைக் கண்டு பயந்து பில்டர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அது கல்சியம். கேத்திலுக்குக் கேடு, குழாய்க்குக் கேடு, ஆனால் நஞ்சில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் எனக்குக் கவலை. கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற யூரியா, நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்கு வருகிறது. மலகூடக் குழியாலும் அதுவே வருகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, உருசி இல்லை. இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614 இன்படி குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே நைத்திரேற்று இருக்கக்கூடாது. கைக்குழந்தைக்குப் போத்தல் பால் கரைக்கிற வீடுகளில் இதை முதல் பார்க்கவேண்டும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும், குறையாது.

இப்போது ஒரு கதை. இதைச் சொல்லாமல் என்னை இங்கிருந்து எழுப்ப ஏலாது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மதில் மேலால் கூப்பிட்டார். "ரீச்சர், ஒருக்கா வந்து இதைப் பாருங்கோ, எங்கட தண்ணி சாக்கடையா மாறிட்டுது." போய்ப் பார்த்தால், விறாந்தையில் கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர். மேசையில் இரண்டு கிளாஸ். ஒன்றில் அக்காவின் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த பில்டர் தண்ணீர். இரண்டுக்குள்ளும் கம்பிகள் நீட்டிய ஒரு சின்னப் பெட்டியை வைத்து ஆளியைப் போட்டிருக்கிறார். கிணற்றுத் தண்ணீர் மண்ணிறமாகி, மேலே நுரையும் படையுமாகக் கிடக்கிறது. பில்டர் தண்ணீர் பளிங்குபோல அப்படியே. "இவ்வளவு ஊத்தையையும்தானே அம்மா குடிச்சனீங்கள்" என்கிறார் தம்பி. அக்காவுக்கு அழுகை வராத குறை. காசோலைப் புத்தகம் வெளியே வந்துவிட்டது.

நான் குசினிக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்தேன். "தம்பி, உங்கட தண்ணிக்குள்ள இதைப் போட்டுத் திரும்ப ஆளியைப் போடுங்கோ பாப்பம்." அவருக்கு விருப்பமில்லை. அக்கா விடவில்லை. போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பளிங்குத் தண்ணீரும் மண்ணிறம்!

நடந்தது இவ்வளவுதான். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. தண்ணீரில் உப்புக்கள் கரைந்திருந்தால் மின் ஓடும். மின் ஓடினால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். பில்டர் தண்ணீரில் உப்புக்கள் மிகக் குறைவு, மின் ஓடாது, கம்பி கரையாது. அக்கா கண்ட ஊத்தை கிணற்றிலிருந்து வந்ததல்ல, தம்பியின் பெட்டியிலிருந்து வந்தது. இளநீருக்குள் விட்டாலும் அப்படித்தான் வரும். நேயர்களே, உங்கள் வீட்டுக்கும் யாராவது இந்தப் பெட்டியோடு வந்தால், ஒரு சிட்டிகை உப்பை மறக்காதீர்கள்.

பேனை மாதிரி ஒரு ரி.டி.எஸ். மீற்றரும் காட்டுவார்கள். அது பொய் சொல்லாது, ஆனால் முழுக்கதையும் சொல்லாது. மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும். கிருமியைக் காணாது, எண்ணெயைக் காணாது, நைத்திரேற்றைப் பிரித்துச் சொல்லாது. 2014, 2015 இல் சுன்னாகம் கிணறுகளில் கழிவு எண்ணெய் கண்டு நாங்கள் பட்ட பாடு நினைவிருக்கும். அந்தத் தண்ணீருக்குள் இந்தப் பேனையை விட்டால் அதுக்கு எண்ணெய் தெரியாது.

சரி, விலைக்கு வருவோம். மறுபடியும் சொல்லுகிறேன், தண்ணீரில் என்ன பிழை என்பதுதான் விலை. நகரத்தில் இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, மலகூடக் குழி, மதிலுக்கு அங்காலே அடுத்த வீட்டுக் குழி. அங்கே முதற் பிரச்சினை கிருமி. கொதிக்கவைத்தால் போதும், அல்லது யூ.வி. என்கிற ஊதாக்கடந்த கதிர் விளக்குப் போதும். காபன் பில்டர் மணத்தையும் நிறத்தையும் எடுக்கும். உப்பை எடுக்காது, நைத்திரேற்றையும் எடுக்காது. உப்பும் நைத்திரேற்றும் என்றால்தான் ஆர்.ஓ. வேண்டும், அதாவது மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அமுக்கித் தள்ளி உப்பைப் பிரிக்கிற மெசின். வேலணை, புங்குடுதீவுப் பக்கம் உவர் கூடிய கிணறுகளில் வீட்டு ஆர்.ஓ. பூட்டினால் மெம்பிரேன் கெதியாகச் செத்துவிடும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்கவேண்டும்.

கடையில் சொல்லுகிற விலை மெசினின் விலை மட்டும். பூட்டுகூலி, சுவரில் பிளக், சிங்க்கில் துளை, தனிக் குழாய் என்று பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். தாங்கி ஆறு மீற்றர் உயரத்தில் நின்றாலும் அமுக்கம் 0.6 பார்தான் (பார் என்பது அமுக்கத்தை அளக்கிற அலகு). ஆர்.ஓ.வுக்கு மூன்று பாராவது வேண்டும். ஆகவே உள்ளே பம்ப் இருக்கிறதா, அதன் விலை சேர்த்ததா என்று கேளுங்கள். அதற்கும் மேலே வருடாவருடச் செலவு. மண்டி பிடிக்கிற முதல் பில்டரை ஆறு மாதத்துக்கு ஒருதரம், காபனை வருடத்துக்குள், மெம்பிரேனை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவேண்டும். கணக்குக்காக மெசின் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பில்டர் மாற்ற 12,000 என்றால், ஐந்து வருடத்தில் 60,000. மெசினைவிட அதன் சாப்பாட்டுச் செலவு கூட. மாற்றாமல் விட்டால் காபனுக்குள் பற்றீரியா குடியிருக்கும், பில்டர் இல்லாததைவிட மோசம். அதனால் கையொப்பம் வைக்க முன்னம் "மெசின் எவ்வளவு" என்று மட்டும் கேளாமல், "ஐஞ்சு வருசத்துக்கு எல்லாமா எவ்வளவு, உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில கிடைக்குமா, கொழும்பில இருந்து வரவேணுமா" என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அங்காலே கையைக் காட்டுகிறார். உப்புக் கதை கொஞ்சம் நீண்டுவிட்டது. பரவாயில்லை.

கெதியாக இரண்டு விசயம். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையத்தை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். அதுவும் பெரிய அளவில் ஆர்.ஓ. முறைதான். உங்கள் ஒழுங்கைக்குக் குழாய்நீர் வரப்போகிறதென்றால், ஆர்.ஓ. வாங்க முன்னம் ஒருதரம் யோசியுங்கள்.

மற்றது, கழிவுநீர். வீட்டு ஆர்.ஓ. ஒரு லீற்றர் தர மூன்று லீற்றரை வெளியே விடலாம். நாளுக்கு 20 லீற்றர் குடிக்கிற வீட்டில் 60 லீற்றர் வீண். கோடையில் கிணறு வற்றுகிற ஊரில் இது சின்னக் கணக்கில்லை. அந்தக் குழாயை வாளிக்குள் விடுங்கள். மலகூடத்துக்கு ஊற்றலாம், முற்றம் கழுவலாம். பூங்கன்றுக்கு வேண்டாம், உப்புக் கூடிய தண்ணீர்.

மழைநீர்த் தொட்டி பற்றிப் பேச நேரமில்லை. தண்ணீரைப் பரிசோதிக்க நீர்வழங்கல் சபையில் முதலில் விசாரியுங்கள். கிருமிப் பரிசோதனைக்குச் சோடாப் போத்தலில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வுகூடம் தருகிற கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, குளிராக வைத்து, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வணக்கம்.