வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு இளம் ஆண்களிடம் பேச வந்திருக்கிறேன்.

இனப்பெருக்க நலம் என்றாலே அது பெண்கள் சமாசாரம் என்று பல ஆண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தரங்க உறுப்பில் ஏதாவது தொந்தரவு வந்தால் முதலில் செல்போனில் தேடுகிறார்கள். அப்புறம் நண்பனிடம் யோசனை. பிறகு மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பு. மருத்துவரிடம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

சில நோய்கள் தாமாகவே சரியானதுபோல் போக்குக் காட்டும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. சிபிலிஸ் என்னும் மேகப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணுறுப்பில் சின்னதாக ஒரு புண் வரும். பெரும்பாலும் வலிக்காது. எதுவும் செய்யாவிட்டாலும் 3 முதல் 6 வாரங்களில் ஆறிவிடும். 'சரி, போய்விட்டது' என்று நிம்மதியாக இருப்பீர்கள். கிருமியோ உடம்புக்குள்ளேயே இருக்கும். கொஞ்ச நாள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரலாம்; அவையும் மறைந்துவிடும். பல ஆண்டுகளுக்குப் பிறகு இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். இத்தனைக்கும், ஆரம்பத்திலேயே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் பெனிசிலின் ஊசியில் குணமாகிவிடும் நோய் இது! கிளமிடியா என்னும் இன்னொரு பால்வினை நோயில் பலருக்கு அறிகுறியே தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனையில்தான் பிடிபடும். அதற்குள் துணைக்கும் தொற்றியிருக்கலாம்.

விரையில் திடீரென்று கடும் வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். உறவில் எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், அந்த உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.

மருத்துவர் என்ன கேட்பாரோ என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள், ஆணுடனா பெண்ணுடனா, ஆணுறை அணிந்தீர்களா என்று கேட்பார். எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவுசெய்ய அவருக்கு அது தெரிய வேண்டும். நீங்கள் சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது அவர் கடமை. முகம் சுளிக்கிறார் என்றால் தவறு அவருடையது. வேறு மருத்துவரிடம் போங்கள், சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திருமணமானவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை தாமதமானால் மனைவியை மட்டும் வரிசையாகப் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆணிடமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். மனைவி முதல்முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் அன்றே நீங்களும் கூடப் போய்க் கொடுத்துவிடுங்கள்.

வணக்கம்.