நாலு பேர் வாழும் வாடகை வீடு

வணக்கம். மனநலம் என்று பேச்செடுத்தாலே டாக்டர், மாத்திரை, கீழ்ப்பாக்கம் என்று போய்விடுகிறோம். நான் இன்றைக்குப் பேச வந்தது அதற்கு அப்புறம் உள்ள கதையை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர் எங்கே தங்குவார், மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் கவனிப்பார், வீட்டில் சேர்க்க மாட்டோம் என்றால் யார் போய்ப் பேசுவார்? இந்த வேலையில் பெரும் பங்கைத் தலையில் தூக்கிச் சுமப்பவை சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள். அப்படி ஒன்றில் வேலை பார்ப்பவன் நான்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் நடந்தது நினைவிருக்கும். மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் வெந்து செத்தார்கள். அந்தக் கொடுமை நடந்த மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வடிவத்திலும் சங்கிலி போடக் கூடாது என்று 95-ஆவது பிரிவு சொல்கிறது. சமூகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வது உரிமை, போக இடம் இல்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. தெருவில் திரிகிறவரைப் போலீஸ் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நேரடியாகக் கொண்டுபோகலாம். நல்ல சட்டம். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? மனநல நிறுவனம் எது என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வருகிறது. மனநோய் உள்ளவர்கள் தங்கிச் சிகிச்சையோ மறுவாழ்வோ பெறும் இடம் எதுவானாலும் அதில் அடங்கிவிடும், சொந்தக்காரர்களோடும் நண்பர்களோடும் வாழும் வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. ஆக, 200 படுக்கை உள்ள மருத்துவமனையும், குணமாகி வந்த நாலு பெண்கள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, ஒருவர் தையல் கடைக்கும் இன்னொருவர் காய்கறிக் கடைக்கும் வேலைக்குப் போய்வரும் ஒரு வாடகை வீடும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. பதிவு வேண்டும், பதிவேடுகள் வேண்டும், தீயணைப்புத் துறைச் சான்று வேண்டும், கட்டடச் சான்று வேண்டும். வீட்டுக்காரரிடம் போய் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால், எதற்கு வம்பு, அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள் என்கிறார். எனக்குத் தெரிந்து ஒரு வீடு இப்படித்தான் கைவிட்டுப் போனது. பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்ப மீறினால் 5 லட்சம் வரை. பெரிய தனியார் மருத்துவமனை அதற்கென்று ஓர் ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளும், எங்களுக்கு அந்த ஆளே களப்பணியாளர்தான். அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற நாளில் யார் வீட்டுக்கும் போக முடியாது.

அவர் போகாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அவர் போகும் வீட்டில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதலில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், ஊர்க்கதை பேசுவார். பேச்சோடு பேச்சாக மாத்திரை அட்டையை வாங்கி எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று எண்ணுவார். பத்து காலியாக இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் என்றால், பகலெல்லாம் தூங்கி வழிகிறாள் என்று மாமியார் நிறுத்திவிட்டது அப்போது தெரியவரும். டாக்டரிடம் போனில் பேசி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கும்படி மாற்றிவிட்டு வருவார். அந்தப் பெண் மறுபடி வார்டுக்குப் போகாமல் தப்பித்தது இந்த அரை மணி நேரத்தால்தான்.

இந்த அரை மணி நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு வேண்டும் என்று 21-ஆவது பிரிவு சொல்லி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2018-லேயே உத்தரவு போட்டுவிட்டது. சந்தோஷம். ஆனால் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் கிடைக்கிறது, வீடு தேடிப் போவது அதில் வராது. அரசின் மானியமோ வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டியது, தாமதமானால் நாலைந்து மாதம் கடன் வாங்கித்தான் ஓட்ட வேண்டும். பயிற்சி கொடுத்து ஆளாக்கிய பிள்ளைகள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இதையெல்லாம் சரிசெய்யப் புதுச் சட்டம் வேண்டாம் என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறுவனங்களை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் வேறு தரம் வைக்கலாம், உள்ளூர் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 65-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் வீடு திரும்பும் முன் கொஞ்ச காலம் தங்கும் பாதி வழி இல்லங்களையும், சிலர் சேர்ந்து வாழும் கூட்டு இல்லங்களையும் அரசு அமைக்க வேண்டும் அல்லது ஆதரிக்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவிலும் இருக்கிறது. நாலைந்து பேர் வாழும் வீட்டுக்கு எளிதான ஒரு படிவம் போதும். ஆய்வுக்கு யாராவது எப்போது வேண்டுமானாலும் வரட்டும், திடீரென்று வந்தால் இன்னும் நல்லது. ஏர்வாடிக்குப் பிறகு கண்காணிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. வீட்டை வீடாகப் பார்த்துச் சோதியுங்கள் என்கிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அவசரமாகப் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது, எங்கள் பகுதியில் வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் யார் என்று அங்கேயே கேட்டு, அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நன்றி.