பொது வார்டில் தண்டுவடக் காயம்: பிசியோ கையில் இருப்பவை

மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில் பணியாற்றும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு வணக்கம்.

பனையிலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து முதுகு முறிந்தவர், பைக் விபத்தில் கழுத்து அடிபட்டவர் எல்லாரும் முதலில் வந்து படுப்பது நம் எலும்பு வார்டில்தான். தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் வேலூர் பாகாயத்தில் 1966 முதல் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். பின்னால் சரிசெய்ய முடியாத சேதங்களில் பல அந்த வாரங்களில்தான் நடக்கின்றன. சில நம் கையாலேயே நடக்கின்றன.

கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சி6 (கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) மட்டத்தில் காயம் என்றால் மணிக்கட்டைத் தூக்க வரும், விரலை மடக்க வராது. ஆனால் மணிக்கட்டு மேலே எழும்போது விரல்கள் தாமே மடங்கும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வந்து ஒட்டும். ஸ்பூன், பல் துலக்கும் பிரஷ், கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) எல்லாவற்றையும் அவர் இந்தப் பிடியால்தான் பிடிக்கப் போகிறார். விரல் மடக்கும் தசைநாண்கள் சற்றே இறுக்கமாக இருந்தால்தான் இந்தப் பிடி வேலை செய்யும். நாமோ மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னால் வளைத்து இழுத்துவிடுகிறோம். உள்ளங்கையை மெத்தையில் விரித்து ஊன்றி உட்கார வைக்கிறோம். அத்தோடு பிடி போயிற்று. விரலை நீட்டும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும். மணிக்கட்டைப் பின்னால் வளைக்கும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும். கை ஊன்றும்போதும் விரல்களை மடக்கியே ஊன்றச் சொல்லுங்கள். நாம் போன பிறகு பாசத்தோடு நாள் முழுக்க விரலை நீவி இழுக்கும் அம்மாவுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள்.

அடுத்தது தோல். நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டுவது எல்லாருக்கும் தெரியும். நாற்காலியில்தான் கோட்டை விடுகிறோம். கையூன்றி உடம்பைத் தூக்கச் சொல்லித்தருகிறோம். அதை அரை நிமிடம் தாங்குவதே பெரும்பாடு. அழுந்திய இடத்தில் ரத்த ஓட்டம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். ஆகவே மார்பு தொடையில் படும்படி முன்னால் சாயட்டும், அல்லது இடமும் வலமும் மாறி மாறிச் சாயட்டும், ஒவ்வொன்றும் 2 நிமிடம். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தைத் தூக்கி எறியுங்கள். சுற்றியுள்ள தோலை அழுத்தி நடுப்பகுதிக்கு ரத்தம் போகவிடாமல் அதுவே புண்ணை உண்டாக்கும். தொய்ந்த சீட்டில் ஒட்டுப்பலகை வைத்து, மேலே 4 அங்குல நல்ல ஃபோம் போடுங்கள். கால்மிதி உயரமாக இருந்தால் முட்டி மேலே ஏறி, எடை முழுவதும் உட்காரும் எலும்பில் இறங்கும்.

டி6 (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவப்பு, காய மட்டத்துக்கு மேலே உள்ள உடம்பில் வியர்வை வந்தால் உடனே ரத்த அழுத்தம் பாருங்கள். இவர்களின் வழக்கமான மேல் அளவே 90, 100தான் இருக்கும். 140 என்றால் டியூட்டி டாக்டருக்குப் பெரிதாகத் தோன்றாது. இவருக்கு அது ஆபத்து. மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள். கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்; பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அதற்கடுத்து மலச்சிக்கல், புண், காலில் உள்வளர்ந்த நகம். காரணத்தை நீக்கியும் இறங்காவிட்டால் மருந்துதான். டாக்டரை முதலிலேயே கூப்பிட்டு வையுங்கள்.

முகம் வெளிறிக் கண் இருண்டால் கதை நேர்மாறு: அது அழுத்தம் இறங்குவது, படுக்க வைக்க வேண்டும். வயிற்றுப் பட்டையும் காலில் கிரேப் பேண்டேஜும் கட்டி, 30, 45, 60 டிகிரி என்று படிப்படியாக நிமிர்த்தினால் இது குறையும்.

ஒரு பக்கத் தொடையோ முட்டியோ வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கு அந்தக் காலைத் தொடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், தசைக்குள் எலும்பு வளர்வதாகவும் இருக்கலாம், டாக்டர் பார்க்கட்டும்.

வீட்டுக்கு அனுப்பினால், மக்களைத் தேடி மருத்துவத்தில் அவரைப் பார்க்கப் போகும் பிசியோவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். காய மட்டம், வழக்கமான ரத்த அழுத்தம், கதீட்டர் போடும் நேரங்கள், ஒவ்வொரு முறையும் வரும் சிறுநீர் அளவு (500 மில்லியைத் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்), தோல் சிவந்த இடம், எந்தக் கையின் விரல்களை இழுக்கக் கூடாது என்பது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.