நாடிக்குள் மெலியும் மூடி
(ஹட்டனில் ஆற்றிய பொது உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நொதியம், அதாவது உயிர்களில் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதம், என்பது பாடப்புத்தகத்துச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் ரோலரிலிருந்து இறங்கும் பச்சைக் கொழுந்து சிறிது நேரத்தில் செப்பு நிறமாவதை இங்குள்ள பலர் கண்ணால் கண்டவர்கள். அரைபட்ட இலையின் நொதியம் காற்றுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. உரிய நேரத்தில் சூடேற்றி அதை நிறுத்தாவிட்டால் தூள் கெட்டுவிடும். உடலிலும் அப்படி நிறுத்தம் தவறி, பாரிசவாதத்துக்கு வழிவிடுகின்ற ஓர் இடத்தைப் பற்றிப் பேசவே வந்தேன்.

கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் ஓடுகின்றன. அவற்றின் சுவரில் ஆண்டுக்கணக்கில் கொலஸ்திரோல் படியும்போது, உடல் அந்தப் படிவின்மேல் கொலாஜன் எனும் புரத நாரால் ஒரு மூடியை நெய்துவிடுகிறது. மூடி தடித்திருக்கும்வரை படிவு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கொழுப்பைத் தின்னப் புகுந்த வெண்குழியங்களோ, மெட்டலோபுரோட்டினேஸ் எனப்படும் நொதியங்களைச் சுரந்து அந்நார்களை அறுக்கின்றன. இந்நொதியங்களைப் பகையாக எண்ணிவிடக் கூடாது. 1962இல் ஜெரோம் குரோஸும் சார்ள்ஸ் லாப்பியேரும் இக்குடும்பத்தின் முதல் நொதியத்தைக் கண்டறிந்தது வாற்பேத்தையின் வாலில். வால் கரைந்தால்தானே அது தவளையாகும்! நமக்குக் காயம் ஆறுவதற்கும் இவை வேண்டும். இவற்றை அடக்கும் புரதங்களும் உடலிலேயே உண்டு. அழற்சி நீடித்து, அறுப்பு நெசவை மிஞ்சும்போதுதான் மூடி மெலிகிறது.

மெலிந்த மூடி பிளந்தால் உள்ளிருக்கும் கொழுப்பு குருதியைத் தொடுகிறது. அவ்விடத்தில் குருதி உறைகிறது. அதன் துணுக்கு மூளைக்குப் போய் அங்குள்ள நாடியை அடைத்தால், அதுவே பாரிசவாதம். ஆகவே நாடி எவ்வளவு ஒடுங்கியது என்பதை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. செங்குத்தான மேடு அப்படியே நிற்க, சாய்வு குறைந்த மேடு மழையில் இறங்கியதை நாம் பார்த்திருக்கிறோம்.

என் அம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வலது கைப்பிடியிலிருந்த கொழுந்து கூடைக்குப் போகாமல் நிரையிலேயே சிந்தியது. விரல்கள் மூடவில்லை, வாயும் சற்றே கோணியது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாயிற்று. "பனியில கை வெறச்சிப்போச்சி" என்று சொல்லிவிட்டு அந்திவரை வேலை செய்தார். நான்காம் நாள் பாரிசவாதம் அவரைச் சாய்த்தது. அந்தப் பத்து நிமிடம், ஒரு மூடி ஏற்கெனவே பிளந்துவிட்டதன் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்பதை நான் மருத்துவம் படித்த பிறகே அறிந்தேன். இத்தகைய தற்காலிகத் தாக்கத்துக்குப் பின்வரும் முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை. உறைகட்டியைத் தடுக்கும் மருந்தும், நாடி கடுமையாக ஒடுங்கியிருந்தால் படிவை அகற்றும் சத்திரசிகிச்சையும் அந்நாட்களிலேயே அதிகம் பயன் தருகின்றன.

நொதியத்தை நேரடியாக அடக்கிப் பாரிசவாதத்தைத் தடுக்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. ஸ்டட்டின் மாத்திரைகள் கொலஸ்திரோலையும் அழற்சியையும் குறைப்பதால் மூடி உறுதிப்பட உதவுகின்றன. பிரஷரைக் கட்டுப்படுத்துவதும் புகைத்தலைக் கைவிடுவதும் அதே நாடியைக் காக்கின்றன.

அடைப்பு விழுந்த பின்னர், மூளையில் குருதிக்கசிவு இல்லை என ஸ்கேன் காட்டினால், ஏற்றப்படும் அல்டெப்ளேஸ் என்ற மருந்தும் ஒரு நொதியமே. அது உறைகட்டியைக் கரைக்கும் வேலையைத் தொடக்கிவைக்கிறது. அதற்குள்ள அவகாசம் பொதுவாக நான்கரை மணித்தியாலம். அது கை சோர்ந்த நிமிடத்திலிருந்தே எண்ணப்படுகிறது. மேற்கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து, பிரதான வீதிக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம் செல்லும் தோட்டங்களில், அந்த ஒரு மணித்தியாலமும் இதற்குள்தான் அடங்குகிறது.