பிரெஞ்சு வகுப்பில் ஒரு கவிதை: அர்த்தம் எழுதிப் போட்டதும் ஏன் படுத்துடுது?

வணக்கம். இந்த வாரம் ஒரு பிரெஞ்சு ஆசிரியை கேட்ட கேள்வியை எடுத்துக்கறேன். "ஏ2 வகுப்புல (தொடக்க நிலையில ரெண்டாவது படி) பாஸே கொம்போஸே, அதாவது நடந்து முடிஞ்சதைச் சொல்ற இறந்த காலம், நடத்த பிரெஞ்சுக் கவிஞர் ழாக் பிரெவெரோட காலை உணவுக் கவிதையைக் கொடுத்தேன். பிள்ளைங்க 'மேடம், அர்த்தம் சொல்லுங்க'ன்னு கேட்டாங்க. போர்டுல தமிழ்ல எழுதினேன், காப்பி பண்ணிக்கிட்டாங்க, யாரும் வாயைத் திறக்கல, அத்தோட முடிஞ்சுது. எங்க தப்பு? அப்புறம், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நடத்தும்போது சிகரெட் வர்ற வரிகளை எடுத்துடலாமா?"

கவிதை தெரியாதவங்களுக்காக: 1946-ல வந்த 'பரோல்' தொகுப்புல இருக்கு. ஒரு ஆள் காபி கலந்து குடிக்கிறான், சிகரெட் பிடிக்கிறான், தொப்பி மாட்டிக்கிட்டு மழையில கிளம்பிப் போறான். எதிர்ல இருக்கற ஒருத்தரோட அவன் ஒரு வார்த்தை பேசல. அந்த ஒருத்தர்தான் இதை நமக்குச் சொல்றாங்க, கடைசியில அழறாங்க. அவ்வளவுதான்.

தேர்வுல தப்பே இல்ல. ஏ2-க்கு இதைவிடப் பொருத்தமானது சட்டுனு கிடைக்காது. பல பேர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையை எடுத்துட்டு வந்து மாட்டிக்கறாங்க. அதுல வினையெல்லாம் பாஸே சேம்ப்ள்ல இருக்கும், பேச்சுல யாரும் சொல்லாத காலம் அது. இங்க அந்தத் தொல்லை கிடையாது. எண்ணிப் பாருங்க, பாஸே கொம்போஸே வினை மொத்தம் 15. அதுல ஆறு 'இல் ஆ மி', அதாவது ஒரே 'போட்டான்'. இந்தக் காலத்துல வினையோட அவ்வார் இல்லேன்னா எத்ர்னு ஒரு துணைவினை சேரும். 13 வினை அவ்வார் சேர்ந்தது, ரெண்டே ரெண்டு எத்ர் சேர்ந்தது: 'இல் சே லவே' எழுந்தான், 'இல் ஏ பார்த்தி' போயிட்டான். அம்பார்ஃபே, அதாவது அப்போ நடந்துட்டு இருந்ததைச் சொல்ற காலம், ஒண்ணே ஒண்ணு, 'இல் ப்ளவே', மழை பெஞ்சுட்டு இருந்துச்சு.

தப்பு நடந்தது வரிசையில. அர்த்தம் முதல்ல வந்துட்டா, பிரெஞ்சு வரியைப் பார்க்க பிள்ளைக்கு வேற காரணம் என்ன இருக்கு?

45 நிமிஷப் பீரியட் ரெண்டு ஒதுக்குங்க. முதல் பீரியட்ல தாளே கொடுக்காதீங்க. தலைப்பு, கவிஞர் வரலாறு எதுவும் வேண்டாம். ஒரு கப், ஸ்பூன், சக்கரை டப்பா, ஒரு குடை மேஜையில வைங்க. சாம்பல், சாம்பல் கிண்ணம், புகை வளையம், மழைக்கோட்டு, இந்த நாலு சொல்லை மட்டும் படம் போட்டுக் காட்டிடுங்க. ஒரு பையனைக் கூப்பிட்டு, நீங்க மெதுவா படிக்கப் படிக்க அவனைச் செய்ய வைங்க. காபி, பால், சக்கரை, கலக்கறது, குடிக்கறது. எல்லாரும் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். சமையல் குறிப்புன்னுதான் நினைச்சுட்டு இருப்பாங்க.

'ஸான் ம பார்லே' ('என்கிட்ட பேசாம') வந்ததும் நிறுத்துங்க. "இந்த 'ம' யாரு?"ன்னு பிரெஞ்சுலயே கேளுங்க. பாடம் திறக்கறதே இந்த ஒரு கேள்வியிலதான். மேஜையில இன்னொரு ஆள் இருக்காங்கன்னு அப்பதான் வகுப்புக்குத் தெரியும். இன்னொரு பிள்ளையை எதிர் நாற்காலியில உட்கார வைச்சுட்டுத் திரும்ப முதல்லேர்ந்து படிங்க. இந்தத் தடவை சிரிப்பு வராது. ஆள் மழையில போறதோட நிறுத்திட்டு, கடைசி மூணு வரியை அவங்களையே ஊகிக்கச் சொல்லுங்க. அப்புறம்தான் தாள்.

இந்த 'ஸான்' அமைப்புக்கு இங்கிலீஷ் வழியா சுத்தாதீங்க. நம்ம 'பேசாம', 'பாக்காம' அப்படியே உக்காருது. முன்னாடி ஒரு 'ஸான்', பின்னாடி மாறாத வினை வடிவம், முடிஞ்சுது.

ரெண்டாவது பீரியட்ல இலக்கணம். கோடிட்ட இடம் நிரப்புன்னு 15 வினையையும் அழிச்சுட்டுக் கொடுக்கறவங்க உண்டு. வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டு 'ஆ மி, ஆ மி'ன்னு நிரப்பிட்டுப் போயிடுவாங்க. அதுக்குப் பதிலா, காபி குடிக்கறது ஒரு பெண்ணுன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க. அவனைக் குறிக்கற 'இல்' எல்லாம் 'எல்' (அவள்) ஆகும், மழையோட 'இல் ப்ளவே' மட்டும் அப்படியே இருக்கும். எழுத்துல வேற மாறப்போறது ரெண்டே வினை, 'லவே'யும் 'பார்த்தி'யும். கடைசியில ஊமையா ஒரு எழுத்து சேரும், காதுக்கு எந்த வித்தியாசமும் இல்ல. அதனால டிக்டேஷனா கொடுத்தா யாருக்குப் புரிஞ்சிருக்குன்னு உடனே தெரிஞ்சுடும்.

ரெண்டு தப்பு கண்டிப்பா வரும். ஒண்ணு, 'ஆ மி'க்கும் பெண்பால் எழுத்து சேர்ப்பாங்க. அவ்வார் வந்தா செய்யறவரோட பால் ஒட்டாதுன்னு அங்கயே நிறுத்திச் சொல்லுங்க. இன்னொண்ணு, 'ஸோன் ஷப்போ'வை (அவன் தொப்பி) 'ஸா ஷப்போ'ன்னு மாத்துவாங்க. இங்கிலீஷ்ல 'ஹிஸ்' போய் 'ஹெர்' வர்ற பழக்கம் அது. பிரெஞ்சுல அந்தச் சொல் தொப்பியோட பாலைப் பார்க்கும், தலைக்குச் சொந்தக்காரரைப் பார்க்காது. கவிதையில 'ஸோன் ஷப்போ', 'ஸா தெத்' (அவன் தலை) ரெண்டும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஆளு ஒருத்தன்தானே, ஏன் ஒண்ணு 'ஸோன்', ஒண்ணு 'ஸா'ன்னு கேளுங்க, அவங்களே சொல்லிடுவாங்க.

அம்பார்ஃபேக்கும் தனிப் பாடம் வேண்டியதில்ல. 'இல் ப்ளவே'யை பாஸே கொம்போஸே ஆக்கிப் படிச்சுக் காட்டுங்க. 'மழை பெஞ்சுட்டு இருந்ததால கோட்டு போட்டான்', 'மழை பெஞ்சதால கோட்டு போட்டான்', ரெண்டையும் தமிழ்ல சொன்னாலே எது பின்னணி, எது நடந்து முடிஞ்சதுன்னு பிடிபடும்.

இப்பதான் மொழிபெயர்ப்பு, வீட்டு வேலையா. ஒரு சுவாரசியம் பாருங்க. அழறது ஆணா பெண்ணா? பிரெஞ்சுல தெரியாது. அவங்க வினை ரெண்டே ரெண்டு, எடுத்தேன், அழுதேன். ரெண்டுமே அவ்வார், அதனால பால் வெளிய வரல. தமிழ்லயும் 'அழுதேன்' காட்டிக் கொடுக்காது. ஆனா 'இல்'லைத் தமிழாக்கும்போது 'போட்டான்'னு எழுதணுமா, 'போட்டார்'னு எழுதணுமா? தப்பிக்கவே முடியாது. 'போட்டார்'னா சொல்றது மனைவியா இருக்கலாம், அப்பாவைப் பார்த்துட்டு இருக்கற பிள்ளையா இருக்கலாம். 'போட்டான்'னா அம்மா, காதலி, நண்பன். யார் எதைப் போட்டாங்கன்னு பார்த்து ரெண்டு பக்கமா உக்கார வைச்சு, ஏன்னு பிரெஞ்சுல சொல்லச் சொல்லுங்க. ஏ2 பிரெஞ்சு போதும்: 'ஏன்னா அவன் பேசல', 'ஏன்னா அவன் பார்க்கல'. யாரும் வாயைத் திறக்கலன்னு சொன்னீங்களே, இங்க திறப்பாங்க.

நேரம் மிச்சம் இருந்தா எழுத்து. எட்டுலேர்ந்து பத்து வரி, ஒரே ஆள், ஒரே இடம், எத்ர் வினை ரெண்டு, அம்பார்ஃபே ஒண்ணு. கடைசி வரிக்கு முன்னாடி உணர்ச்சிச் சொல் கூடாது. இந்தக் கட்டுப்பாடு இல்லேன்னா முதல் வரியே 'நான் சோகமா இருக்கேன்'னு வந்துடும், எழுத வினை இருக்காது. திருத்தும்போது பாஸே கொம்போஸே, எத்ர், அம்பார்ஃபே, இந்த மூணை மட்டும் திருத்துங்க. தாள் முழுக்க சிவப்பு அடிச்சா அடுத்த தடவை நாலு வரிதான் வரும்.

சிகரெட் விஷயம். எடுக்காதீங்க. மூணு வினை போறது பெரிசில்ல. முதல் பத்தியில பேசாம மட்டும் இருக்கான். சிகரெட் பத்தியிலதான் முதல் தடவையா பார்க்காமலும் இருக்கான். அதை வெட்டினா அந்த ஏத்தம் போயிடும். ஸ்கூல்ல ஆட்சேபம் வரும்னு தோணினா வேற கவிதைக்குப் போயிடுங்க, அரைகுறையா இதை நடத்த வேண்டாம். பிரச்சினை நடிச்சுக் காட்டறதுல மட்டும்தான்னா, ஒரு சாக்பீஸ் போதும். சாம்பலும் அதுலயே உதிரும்.